அப்பாவுக்கு நான் படிப்பித்த 'டேக்'

முட்டாள்தனத்தில் எனக்கு நீண்ட சேவைக்காலம் உண்டு. பல் கழற்றப் போன இடத்தில் நல்ல பல்லைக் காட்டிக் கழற்றுவித்துக்கொண்டு வந்தவன் நான். சொந்தக் கலியாணத்தன்று பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, யாரோ ஒருவரின் சம்பந்தியோடு கால்மணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தவனும் நான்தான். ஆனால் இவையெல்லாம் சில்லறை. என் முட்டாள்தனம் பதினொரு வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்காகச் செய்தவை.

பதினொரு வயதில் நான் என் அப்பாவுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன்.

முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு இதை வாசிக்கும் என் வயதுக்காரரே, சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். இந்தக் கதையை இதுவரை நான் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுவேன். மீதியை உங்களுக்குத்தான் சொல்லலாம் போலிருக்கிறது.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் லோஞ்சு ஒன்றின் சுக்கானைப் பிடிப்பவர். பெரிய கப்பல் உள்ளே வந்ததும் அதன் கயிற்றை வாங்கிக்கொண்டு போய் மிதவையில் மாட்டுகிற சின்னப் படகு அது. கயிறு என்றால் உடுப்புக் காயப்போடும் கொடியை நினைக்காதீர்கள். அன்றைக்கு என் தொடை எவ்வளவோ அவ்வளவு தடிப்பு. அது தண்ணீருக்குள் விழுந்து இழுபட்டால் படகையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அந்த வேலையில் வாய்க்கு இடமில்லை. இஞ்சின் சத்தம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். கப்பலின் மேல்தட்டில், பனை உயரத்தில் நிற்பவன் எந்த நாட்டுக்காரன் என்று ஆருக்குத் தெரியும்? ஆகவே எல்லாம் கைதான். உள்ளங்கை கீழே பார்த்தால் மெதுவாக. கைமுட்டியை மடக்கினால் பிடி. இரண்டு விரல் சுழன்றால் சுற்றிக் கட்டு. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு இன்னும் வேண்டுமென்றால் அப்பா உள்ளங்கையைத் தூக்குவார். போதுமென்றால் முட்டியை மடக்குவார். அம்மாவின் அகப்பை, கப்பல் நின்றதுபோல அப்படியே நிற்கும்.

லோஞ்சின் முன்மூக்கில் நின்று கயிறு வாங்குபவர் ஒரு கிண்ணியாக்காரர். அப்பாவைவிட மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்போம். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் வரவில்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் இழுவை மிதவையில் ஏறித்தான் வேலைக்கு வருவார். பதினைந்து வருடம் இருவரும் ஒரே படகில் இருந்தார்கள். வேலை நேரத்தில் ஒருவரோடு ஒருவர் ஒரு வசனம் முழுதாகக் கதைத்திருப்பார்களோ என்பது சந்தேகம்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று லோஞ்சுகளை எடுத்து நடத்தப்போகிறது. தை முடிவில் அவர்களுடைய கப்டன் வந்து, படகுக்காரர் ஒவ்வொருவரோடும் ஆங்கிலத்தில் கதைத்துப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தவர்களுக்கு வேலை. மற்றவர்கள் வேலையையும் விட்டு, குவாட்டர்சையும் விட்டுப் போகவேண்டும்.

குவாட்டர்ஸ் என்றால் வேலையோடு கிடைத்த வீடு, இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும். ஆனால் குசினிக்குள்ளே ஒரு பைப் இருந்தது. அம்மா கட்டைபறிச்சானில் பிறந்தவர். கலியாணம் முடிக்கும்வரை தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து, வெறுங்கையோடு நடக்கும்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். செய்தியை அப்பா சொல்லி முடித்ததும் அம்மா எழும்பினார். குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

படிப்பிக்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கும் சேரிடம் போக அப்பாவுக்கு வெட்கம். அப்போது அம்மா என்னைக் காட்டினார். நான் அந்த வருடம் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன். போட்டிக்கு இரண்டே பேர்தான் நின்றோம் என்பதும், மற்றவன் கன்னம் வீங்கி வீட்டில் படுத்துவிட்டான் என்பதும் அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"எனக்கு நாப்பத்தாறு வயசு. இனி என்னத்தைப் படிக்கிறது?" என்றார் அப்பா.

"தை வரைக்கும் படியுங்கோ. பிறகு மறந்தாலும் காரியமில்லை," என்றார் அம்மா.

அப்படித்தான் நான் பதவி ஏற்றேன்.

மூன்று மாதத்தில் ஒரு மொழியை எங்கே பிடித்துத் தூக்குவது? இங்கிலீசு சேர் ஒருநாள் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆங்கிலத்தில் 'டேக்', அதாவது 'எடு', என்ற ஒரு வினைச்சொல்லை வடிவாகத் தெரிந்தவன் எந்தத் தேசத்திலும் பட்டினி கிடக்கமாட்டான் என்று அவர் சொல்லியிருந்தார். பகிடிக்குத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு அலுமாரியில், வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் யாரோ விட்டுப்போன தடித்த அகராதி ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தால் 'டேக்'குக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. ஒரு சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று மலைத்துப் போனேன். வேறு சொல் எதற்கு? இது ஒன்றே போதும் என்று தீர்மானித்தேன்.

பின்னேரங்களில் அப்பா வேலையால் வந்து, மேல்கழுவி, குசினிக் கதிரையில் இருப்பார். நான் கோடு போடும் அடிமட்டத்தோடு எதிரில் நிற்பேன்.

"குளிக்கிறதுக்கு, டேக் எ பாத்."

"குளிக்கிறதை ஏன் எடுக்கிறான்?"

"அவங்கள் அப்பிடித்தான் அப்பா. மருந்து குடிக்கிறதும் டேக்தான்."

"பஸ் ஏறுறது?"

"டேக்."

"கதிரையில இருக்கிறது?"

"டேக் எ சீட்."

அப்பா அகராதியை எட்டிப் பார்த்தார். "அப்ப வெள்ளைக்காரன் எதைத்தான் எடுக்காமல் விட்டு வச்சவன்?" என்றார்.

முதல் வாரம் முழுக்க இப்படிச் சிரிப்புத்தான். பிறகு சிரிப்புக் குறைந்தது. எங்களிடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் இருக்கிறது. குளிக்கிறோம், குடிக்கிறோம், ஏறுகிறோம், இருக்கிறோம். அவர்களோ எல்லா வேலையையும் ஒரே வேலைக்காரன் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வேலைக்காரன் பக்கத்தில் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டினால் ஆளே மாறிவிடுவான். 'ஒஃப்' என்று ஒட்டினால் சட்டையைக் கழற்றுகிறான், ஆகாய விமானமாகப் பறக்கிறான். 'ஆஃப்டர்' என்று ஒட்டினால் மகன் தகப்பனைப்போல இருக்கிறான். அப்பாவுக்கு ஒரே நாளில் பாடமானது 'டேக் எ டெஸ்ட்' மட்டும்தான். சோதினையை நாங்களும் எடுக்கிறோம் அல்லவா? அந்த ஒன்றைக் கண்டபோது, வெளியூரில் சொந்தக்காரனைக் கண்டதுபோல அப்பாவின் முகம் மலர்ந்தது.

கார்த்திகையில் கூரை ஒழுகி அகராதி நனைந்தது. வேலி ஓரம் வெயிலில் விரித்து வைத்தேன். எங்கள் ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் ஆட்டைப்போலத் திரிபவை. ஒன்று வந்து 'டேக்'கின் இரண்டாம் பக்கத்தில் பாதியைத் தின்றுவிட்டது. நல்ல மாணவனாக இருந்தால் சேரிடம் போய்க் கேட்டிருப்பேன். நான் வீட்டுக்குள் வந்து, மான் தின்ற பகுதியைச் சொந்தமாகத் தயாரித்தேன். 'டேக் எ ரெயின்' என்றால் நனைவது. 'டேக் எ க்ரோ' என்றால் காகத்தைக் கலைப்பது. அப்பா அவற்றையும் பாடமாக்கினார். வெற்றிலை மடிக்கும்போது முணுமுணுப்பார். சவரம் செய்யும்போது முணுமுணுத்து இரண்டு தடவை கன்னத்தை வெட்டிக்கொண்டார். இதை நான் பகிடியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதே வழக்கம். இன்றைக்கு அந்த மனிதனின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. காகத்தைக் கலைக்கும் ஆங்கிலம் தெரிந்தால் வீடு மிஞ்சும் என்று நம்பிக்கொண்டு, கன்னத்தில் இரத்தத்தோடு நின்ற முகம்.

இனித்தான் கையின் கதை.

பேச்சுப் போட்டிக்கு என்னைப் பழக்கியபோது சேர் ஒரு விதி வைத்திருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். கையை ஆட்டிக் கதைப்பவன் சந்தைக்காரன், வாயால் கதைப்பவன் கனவான். பரிசு கிடைத்தது அதனால்தான் என்று நான் நம்பியிருந்தேன். அப்பாவோ 'டேக்' என்று தொடங்கினால் வலக்கை தானாக எழும்பும். சொல் வரத் தாமதித்தால் கை முந்திக்கொண்டு சொல்லிவிடும். கை சொல்லிவிட்டால் வாய், அப்பாடா என்று ஓய்ந்துவிடும். அடிமட்டத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். சரிவரவில்லை. கடைசியில் அவருடைய தோள் துவாயை எடுத்து, கைகளைக் கதிரையின் முதுகோடு கட்டினேன்.

முதல்நாள் அப்பா சிரித்தார். "கள்ளனைப் பிடிச்ச மாதிரிக் கட்டுறாய், வாத்தியார்," என்றார். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு நான் கட்டவே தேவையில்லாமல் போனது. கதிரையில் இருந்ததும் கைகள் தாமாகப் பின்னால் போகும். விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். மார்கழி பிறந்தபோது சாப்பாட்டிலும் கை எழும்பவில்லை. சோறு வேண்டுமா என்று அம்மா வாயால் கேட்கவேண்டி வந்தது. அப்பாவுக்குக் கனவான் நடை வந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோசம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்து கோணேசர் மலை ஏறிக்கொண்டிருந்தவர், பலன் தெரிகிறது என்றார். அப்பா மெலிந்துகொண்டு வந்தது விரதக்காரியின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆசிரியரின் கண்ணுக்கும் தெரியவில்லை.

தைப்பொங்கலுக்கு முன் ஒருநாள் நானா வீட்டுக்கு வந்தார். அவருடைய இடக்கை விரல் இரண்டில் துணி சுற்றியிருந்தது. அன்றைக்குக் கப்பல் கயிறு இறங்கும்போது, கையைத் தூக்கவேண்டிய இடத்தில் அப்பா கையைத் தூக்கவில்லையாம். சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாயால் ஏதோ கத்தினாராம். காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. நானாவின் விரல் கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் அகப்பட்டு மயிரிழையில் தப்பியது.

அப்பா மேல்கழுவிக்கொண்டிருந்தார். நானா என்னை வேலிக்கருகில் கூப்பிட்டார்.

"மனே, ஒங்கட அப்பாக்கு வாய் கையிலதான் இரிக்கி. அதக் கட்டிப் போடாத."

நான் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். "நானா, நீங்கள் சோதினைக்கு என்ன படிச்சனீங்கள்?"

"நான் என்னத்தப் படிக்கிற? ஓம் எண்டா தலைய இப்பிடி ஆட்டுவன். இல்ல எண்டா அப்பிடி."

நான் அவருக்காக உண்மையாகவே பரிதாபப்பட்டேன். இந்த மனிதனுக்கு வேலை போகப்போகிறதே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சோதினை ஒரு சனிக்கிழமை காலை. மழை விட்டிருந்தது, வாடைக்காற்று விடவில்லை. இறங்குதுறையில் ஒரு மேசை போட்டு, காகிதங்கள் பறக்காமல் கல் வைத்து, கப்டன் இருந்தார். சிவந்த, களைத்த முகம். பொல்லாதவராகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கிளார்க். படகுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். குடும்பங்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்றோம். வேலி மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. ஆகவே மேசைக்கு முன்னால் போய் நிற்பவரின் முதுகுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் போய், குட் மோர்னிங் சொன்னார். கப்டன் கதிரையைக் காட்டி ஏதோ சொல்ல, அப்பா, "தாங்க்யூ சேர், ஐ டேக் எ சீட்," என்றார். கப்டனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதுவரைக்கும் வந்தவர்களில் ஒருவர் முழு வசனம் சொன்னது அதுதான் முதல்தடவை. என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அம்மா என் தோளை நோகும்படி பிடித்துக்கொண்டார்.

பிறகு கப்டன் எழும்பினார். அப்பாவும் எழும்பினார். கப்டன் தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பலைக் காட்டினார். காற்று வரும் திசையைக் காட்டினார். மிதவையைக் காட்டினார். கேள்வி எனக்கே விளங்கியது. இந்தக் காற்றில் அந்தக் கப்பல் உள்ளே வருகிறது. நீ எந்தப் பக்கத்தால் போவாய், கயிற்றை எங்கே வாங்குவாய், எப்படித் திரும்புவாய்? சொல்.

அப்பாவுக்கு அது குழந்தைக் கேள்வி. பதினைந்து வருடமாக நாளுக்கு இரண்டு தடவை அவர் சொன்ன பதில்.

"ஐ டேக்," என்றார் அப்பா.

கப்டன் காத்திருந்தார்.

"ஐ டேக், சேர்."

காகிதம் படபடத்தது. கப்டன் கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகக் கேட்டார். அந்த அன்பு நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அப்பாவின் கழுத்தில் வியர்வை இறங்குவது வேலியில் நின்ற எனக்குத் தெரிந்தது. அவர் தலைக்குள் இரண்டு பக்கங்களையும் புரட்டிக்கொண்டிருந்தார். மான் தின்ற பக்கத்தையும்தான்.

அப்போதுதான் கைகளைப் பார்த்தேன்.

முதுகுக்குப் பின்னால், எங்கள் பக்கமாக, அப்பாவின் இரண்டு கைகளும் கதைத்துக்கொண்டிருந்தன. இடக்கை கப்பலாகி மெதுவாக வந்தது. வலக்கை லோஞ்சாகி, காற்றுக்கு மறைவான பக்கத்தால் வளைந்து வந்து, கப்பலின் மூக்குக்குக் கீழே நின்றது. பெருவிரல் கயிற்றை வாங்கியது. இரண்டு விரல் சுழன்று மிதவையில் கட்டியது. உள்ளங்கை கீழே பார்த்து விலகியது. ஒரு பிழையில்லை. வரிசையில் அடுத்ததாக நின்ற நானா கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். கப்டன் முன்னால் நின்றார். அவருக்கு ஒரு வெள்ளைச் சேட்டும், வியர்த்த முகமும், திறந்து திறந்து மூடும் வாயும்தான் தெரிந்தன.

என் வயதுக்காரரே, அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பெருமைப்பட்டேன். இவ்வளவு நெருக்கடியிலும் கையை முன்னுக்குக் கொண்டுவரவில்லை, பாடம் மனதில் நிற்கிறது என்று பெருமைப்பட்டேன். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அப்பா, கையைக் காட்டுங்கோ என்று மூன்று சொல். வேலி பத்தடி தூரம்.

கடைசியில் அப்பா நன்றாகப் பாடமான ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஐ டேக் எ பாத், சேர்."

கிளார்க் சிரித்தான். வேலியில் நின்றவர்கள், எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். கப்டன் சிரிக்கவில்லை. காகிதத்தில் ஒரு கோடு போட்டார். நான் சிரிக்காததற்குக் காரணம் வேறு. வசனத்தில் பிழை இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நானா போனார். குட் மோர்னிங் கூடச் சொல்லவில்லை, சலாம் வைத்தார். கப்டன் அதே கேள்வியைக் கேட்டார். நானா துணி சுற்றிய கையையும் சுற்றாத கையையும் தூக்கி, கப்பலை வரவழைத்து, காற்றை வாயால் ஊதிக் காட்டி, லோஞ்சை வளைத்து, கயிற்றை வாங்கி, ஒரு விசிலும் அடித்து முடித்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கப்டன் தன் கைகளால் இன்னொரு கேள்வி கேட்டார். நானா கைகளால் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

நானாவின் பெயர் பட்டியலில் வந்தது. அப்பாவின் பெயர் வரவில்லை.

நானா அன்றைக்கே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி, தானும் இனி வேலைக்குப் போகப்போவதில்லை என்று சொன்னார். அப்பா அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் கதைத்தார். திரும்பி வரும்போது நானா அழுதிருந்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

தோல்விக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கண்ணூறு என்றார் பக்கத்து வீட்டு மாமி. உச்சரிப்புப் போதாது என்றார் சேர். அம்மா சாகும்வரை ஒன்றையே சொன்னார். பிள்ளை வடிவாகத்தான் படிப்பித்தவன், இந்த மனிசனுக்குத்தான் ஏறவில்லை. ஆட்களுக்கு முன்னாலும் சொல்வார். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாளும் திருத்தவில்லை. பிறகு அவர் மரம் விற்கும் ஒரு மரக்காலையில் விறகு கொத்தினார். கடலைப் பார்க்காத பக்கமாக நின்று கொத்துவார்.

அதெல்லாம் பிறகு. குவாட்டர்சை விட்ட நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மாசி மாதம், நல்ல வெயில். பாலையூற்றில் அம்மாவின் உறவினர் ஒருவரின் வளவில் ஓலைக் கொட்டில் ஒன்று கிடைத்திருந்தது. சாமான் எல்லாம் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் அடங்கிவிட்டது. அலுமாரி வாசலால் வராததால் அதை விட்டோம். அகராதி அதற்குள்ளேயே போயிற்று. அம்மா குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வந்தபோது முகம், கை, கால், சேலைத் தலைப்பு எல்லாம் நனைந்திருந்தன.

பெட்டியில் அம்மா சட்டி பானைகளோடு முன்னால் இருந்தார். அப்பாவும் நானும் பின்னால், கால்களைத் தொங்கப்போட்டபடி இருந்தோம். துறைமுகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகியது. ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கிழமையாக என் தொண்டையில் கிடந்ததை அப்போது கேட்டேன். குற்ற உணர்ச்சியால் கேட்கவில்லை. அந்த அறிவு எனக்கு வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. ஒரு சந்தேகம் தீர்ப்பதுபோலத்தான் கேட்டேன்.

"அப்பா, நான் பின்னால நிண்டு பாத்தனான். கை எல்லாத்தையும் சரியாச் சொன்னது. அதை முன்னுக்குக் கொண்டு வந்திருக்கலாமே?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"வாத்தியார் விடேல்லை."